ஒரு நேரத்துக்கு ஒரு நிரை

தோட்டப்புறங்களில் பிறந்து, படித்து, இன்று சிங்கப்பூரில் கணினித் துறையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது, “என்னப்பா வேலை செய்கிறாய்?” என்று தாய் கேட்டால், “கம்ப்யூட்டர் வேலைம்மா” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால், “சாப்பிட்டாயா?” என்று கேட்டால், “இன்னும் இல்லேம்மா, மூணு புராஜெக்ட் ஒண்ணா ஓடுது, எதையும் முடிக்க முடியலே” என்று பதில் வருகிறது. அந்தப் பெருமூச்சு மட்டும் தாய்க்கு நன்றாகப் புரிகிறது. அந்தப் பெருமூச்சுக்குக் காரணம் என்ன, அதை மாற்றுவதற்கு இப்போது பல நிறுவனங்கள் கையாளும் ‘ஸ்க்ரம்’ என்னும் முறை என்ன, அதை ஒரேயடியாகப் புகுத்தாமல் எப்படிப் படிப்படியாகக் கொண்டுவரலாம் என்பதே இன்றைய பேச்சு.

இது கணினி படித்தவர்களுக்கு மட்டும் உரிய செய்தி என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். பால்மரம் வெட்டியவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். தோட்டங்கள் பலவற்றில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது என்றாலும், வெட்டுக்கத்தி பிடித்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடமிருந்தே தொடங்குவோம்.

பால்மரத்தை ஏன் விடியற்காலையில் வெட்டுகிறோம்? குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏறப் பால் குறையும். அதனால்தான் ஓர் ஆளுக்கு ஒரு நிரைப்பகுதி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இப்போது ஒரு கங்காணி வந்து, “நீ இந்தக் காட்டில் கொஞ்சம் வெட்டு, பிறகு ஆற்றோரக் காட்டுக்குப் போய்க் கொஞ்சம் வெட்டு, அப்புறம் மேட்டுக் காட்டிலும் கொஞ்சம் வெட்டு, மூன்று இடத்திலும் வேலை நடக்கிறது என்று நான் கணக்குக் காட்ட வேண்டும்” என்று சொன்னால் என்ன ஆகும்? குளிர்ந்த நேரமெல்லாம் நடையிலேயே போய்விடும். மூன்று காட்டிலும் ஆள் நிற்கும். வாளியில் பால் இருக்காது.

கணினி வேலையில் இந்த ‘நடை’ கண்ணுக்குத் தெரிவதில்லை. நிரல் எழுதுகிறவர் ஒரு மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் காலையில் ஒரு வங்கியின் கணக்குத் திட்டம், பதினொரு மணிக்கு ஒரு கப்பல் நிறுவனத்தின் சரக்குத் திட்டம், மாலையில் ஒரு கடையின் விற்பனைத் திட்டம் என்று அவரை மாற்றி மாற்றி இழுத்தால், ஒவ்வொரு தடவையும் மனம் ஒரு காட்டிலிருந்து மற்றொரு காட்டுக்கு நடந்து போக வேண்டியிருக்கிறது. விட்ட இடத்தை நினைவுக்குக் கொண்டுவரவே அரைமணி நேரம் ஆகிறது. அதற்குள் வேறொருவர் கூப்பிட்டுவிடுகிறார்.

ஜெரால்ட் வைன்பர்க் என்ற அமெரிக்க அறிஞர் மென்பொருள் வேலையைப் பற்றி 1992-ல் எழுதிய நூலில் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். ஒருவர் ஒரே திட்டத்தில் இருந்தால் அவருடைய நேரம் முழுவதும் அதற்குக் கிடைக்கும். இரண்டு திட்டம் என்றால் ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு 40 பங்குதான் கிடைக்கும்; 20 பங்கு மாறுவதிலேயே வீணாகும். மூன்று திட்டம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 20 பங்கு. 40 பங்கு வீண். இது தராசில் நிறுத்துப் பார்த்த கணக்கு அன்று. அனுபவத்தைக் கொண்டு சொன்ன மதிப்பீடுதான். ஆனாலும் இத்துறையில் இருப்பவர்கள் அதைக் கேட்டுத் தலையசைக்கிறார்கள்.

மாறுவதில் நேரமே வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும் நட்டம் உண்டு. எப்படி என்று பார்ப்போம். ஒருவரிடம் மூன்று வேலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நான்கு வாரம் பிடிக்கும். அவர் வாரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிச் செய்தால், முதல் வேலை 10-ஆம் வாரமும், இரண்டாவது 11-ஆம் வாரமும், மூன்றாவது 12-ஆம் வாரமும் முடியும். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டால், முதல் வேலை 4-ஆம் வாரத்திலேயே முடிந்துவிடும். இரண்டாவது 8-ஆம் வாரம். மூன்றாவது அதே 12-ஆம் வாரம். ஆகவே கடைசியில் நிற்பவருக்கு ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை. முதல் இருவருக்கோ ஆறு வாரமும் மூன்று வாரமும் மிச்சம். உழைப்பு அதேதான், வரிசைதான் வேறு.

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா பக்கம் போனவர்கள் சிராங்கூன் சாலையை ஒட்டிய பூக்கடைகளைப் பார்த்திருப்பீர்கள். தீபாவளி நெருக்கத்தில் பத்துப் பேர் வந்து மாலை கேட்பார்கள். கைதேர்ந்த பூக்கட்டுபவர் பத்து மாலையையும் ஒரே நேரத்தில் தொடங்கி, ஒவ்வொன்றிலும் நாலு பூ வைத்துக்கொண்டிருப்பாரா? மாட்டார். ஒன்றைக் கட்டி முடித்து, வாழை இலையில் சுற்றிக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பார். ஏனென்றால், பாதி கட்டிய மாலையைச் சாமிக்குச் சாத்த முடியாது. அதற்கு விலையும் கிடையாது. மென்பொருளும் அப்படித்தான். பாதி எழுதிய திட்டத்தால் யாருக்கும் ஒரு காசு பயனில்லை.

இப்போது ஸ்க்ரம் என்றால் என்ன என்று காண்போம்.

அது ரக்பி பந்தாட்டத்துச் சொல். சிங்கப்பூர் நகர நடுவே உள்ள பாடாங் திடலில் அந்த ஆட்டம் நடக்கும்போது பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஓர் அணியின் ஆட்டக்காரர்கள் தோளோடு தோள் கோத்து, ஒரே உடலைப்போல் குனிந்து தள்ளுவார்கள். அந்தக் கட்டுக்குப் பெயர்தான் ஸ்க்ரம். 1986-ல் தாக்கியூச்சி, நோனாக்கா என்ற இரண்டு ஜப்பானியப் பேராசிரியர்கள் அமெரிக்காவின் ஹார்வர்ட் வணிக இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஹோண்டா, கேனன் போன்ற நிறுவனங்கள் புதிய பொருள்களை எப்படி விரைவாக உருவாக்கின என்பதை அதில் ஆராய்ந்தார்கள். ஒருவர் ஓடிக் கோலை அடுத்தவரிடம் கொடுக்கும் தொடர் ஓட்டம்போல் வேலை செய்வது பழைய முறை; அணி முழுவதும் சேர்ந்து பந்தை முன்னும் பின்னும் தட்டிக்கொண்டே முன்னேறும் ரக்பிபோல் வேலை செய்வது புதிய முறை என்று அவர்கள் கூறினார்கள்.

அந்தக் கருத்தை அமெரிக்காவில் ஜெஃப் சதர்லண்ட் என்பவர் 1993-ல் மென்பொருள் வேலைக்குக் கொண்டுவந்தார். அவரும் கென் ஷ்வேபர் என்பவரும் 1995-ல் ஒரு மாநாட்டில் இதை முறைப்படி எடுத்துரைத்தார்கள். இன்று உலகெங்கும், சிங்கப்பூரின் அலுவலகங்கள் பலவற்றிலும், இந்தப் பெயர் வழங்குகிறது.

முறை எளியது. பத்துப் பேருக்கு மிகாத ஓர் அணி இருக்கும். செய்ய வேண்டிய வேலைகள் எல்லாம் ஒரே பட்டியலில், எது முதல் எது பிறகு என்ற வரிசையில் இருக்கும். அந்த வரிசையைத் தீர்மானிக்க ஒரே ஒருவர் பொறுப்பு. அவரைப் பொருளுக்கு உரியவர் என்று சொல்லலாம். ஒரு மாதத்துக்கு மிகாத, பெரும்பாலும் இரண்டு வாரமே உள்ள ஒரு தவணையை எடுத்துக்கொள்வார்கள். அதற்கு ‘ஸ்பிரிண்ட்’ என்று பெயர். அந்தத் தவணைக்குள் முடிக்கக்கூடியதை அணியே பார்த்து எடுத்துக்கொள்ளும். நாள்தோறும் பதினைந்து நிமிடம் கூடிப் பேசுவார்கள். தவணை முடிந்ததும், முடித்த பொருளை வேண்டியவர்களுக்குக் காட்டி அவர்கள் கருத்தைக் கேட்பார்கள். பிறகு, “நாம் வேலை செய்த விதம் சரிதானா, அடுத்த முறை எதைத் திருத்தலாம்?” என்று தமக்குள் பேசிக்கொள்வார்கள்.

நாள்தோறும் கூடுவது என்றதும் உங்களுக்குப் பிரட்டு நினைவுக்கு வரும். விடியுமுன் பிரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பதும், கிராணி பெயர் படிப்பதும், இன்ன காட்டுக்குப் போ என்று கங்காணி சொல்வதும் நம் வீடுகளில் பேசிப் பேசிப் பழகிய கதை. ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பிரட்டில் மேலே உள்ளவர் பேசுகிறார், தொழிலாளி கேட்கிறார். ஸ்க்ரம் கூட்டத்திலோ வேலை செய்கிறவர்களே ஒருவருக்கொருவர் பேசுகிறார்கள்: “இன்று நான் இதைச் செய்யப் போகிறேன்; இந்த இடத்தில் சிக்கிக்கொண்டேன்; யாராவது கை கொடுங்கள்.” அணிக்கு உதவ ‘ஸ்க்ரம் மாஸ்டர்’ என்று ஒருவர் இருப்பார். பெயரில் மாஸ்டர் இருந்தாலும் அவர் கங்காணி அல்லர். ஆளை எண்ணுவது அவர் வேலையன்று. அணியின் வழியில் கிடக்கும் முள்ளை எடுத்துப் போடுவதே அவர் வேலை.

இந்த வேறுபாட்டை மறந்த நிறுவனங்களில் ஸ்க்ரம் வெறும் புதுப் பிரட்டாகி விடுகிறது. மேலாளர் நடுவில் நின்று, ஒவ்வொருவரையும் “நேற்று என்ன செய்தாய்?” என்று குறுக்கு விசாரணை செய்கிறார். பிள்ளைகள் தலைகுனிந்து பதில் சொல்கிறார்கள். சிக்கலை வெளியே சொன்னால் பழி வரும் என்று மறைக்கிறார்கள். மறைத்த சிக்கல் உள்ளேயே புழுத்து, கடைசி நாளில் வெளிவருகிறது. ஆகவே ஸ்க்ரம் வேண்டும் என்று விரும்பும் முதலாளி முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, “உண்மையைச் சொன்னவனை நான் கோபிக்காமல் இருப்பேனா?” என்பதே.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ஒரு சிறு நிறுவனத்தை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். நிரல் எழுதுகிறவர்கள் எட்டுப் பேர். வாடிக்கையாளர்களுக்காக ஐந்து திட்டங்கள் ஓடுகின்றன. ஒவ்வொருவரும் இரண்டு மூன்று திட்டங்களில் பங்கு போடப்பட்டிருக்கிறார்கள். முதலாளி ஸ்க்ரம் பற்றிக் கேள்விப்பட்டு, “திங்கட்கிழமை முதல் ஐந்து திட்டத்திலும் ஸ்க்ரம்” என்று ஆணையிடுகிறார். என்ன நடக்கும்?

ஒரு பெண் மூன்று திட்டத்தில் இருந்தால், அவளுக்கு நாள்தோறும் ஒரு கூட்டத்துக்குப் பதில் மூன்று கூட்டம். தவணைத் திட்டமிடல் மூன்று, காட்டும் நாள் மூன்று, பேசித் திருத்தும் நாள் மூன்று. முன்பு வேலை செய்ய மிஞ்சியிருந்த நேரத்தையும் கூட்டங்கள் தின்றுவிடும். ஒரு திட்டத்தில் அவசரம் வந்தால் மற்ற இரண்டு தவணைகளும் சரிந்துவிடும். இரண்டு மாதத்தில், “ஸ்க்ரம் நமக்கு ஒத்துவராது” என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். குற்றம் ஸ்க்ரமில் இல்லை. அணியே இல்லாத இடத்தில் அணி ஆட்டத்தை ஆடச் சொன்னதுதான் குற்றம். எட்டுப் பேர் ஐந்து திடலில் ஓடிக்கொண்டிருந்தால் தோளோடு தோள் கோப்பது எப்படி?

ஆகவே படிப்படியாகத்தான் போக வேண்டும்.

முதல் படி, வேலையைக் கண்ணால் பார்ப்பது. ஒரு சுவரில் எல்லாத் திட்டங்களின் வேலைகளையும் சிறு சிறு தாள்களில் எழுதி ஒட்ட வேண்டும். செய்ய வேண்டியவை, செய்துகொண்டிருப்பவை, முடிந்தவை என்று மூன்று பத்திகள் போதும். யாரையும் மாற்ற வேண்டாம், புதுப் பட்டம் கொடுக்க வேண்டாம். இரண்டு வாரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தால், நடுப்பத்தி மட்டும் வீங்கிக்கிடப்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே பெயர் ஏழு தாள்களில் இருப்பதை முதலாளியே தம் கண்ணால் காண்பார். வாயால் சொன்னால் முறையீடு. சுவரில் பார்த்தால் கணக்கு.

இரண்டாம் படி, நடுப்பத்திக்கு ஓர் எல்லை கட்டுவது. ஒருவர் கையில் ஒரே நேரத்தில் இரண்டு தாளுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒன்று முடிந்தால்தான் அடுத்ததை எடுக்கலாம். ஜப்பானில் டொயோட்டா கார் தொழிற்சாலையில் தாய்ச்சி ஓனோ என்பவர் வளர்த்த ‘கன்பான்’ என்னும் அட்டை முறையிலிருந்து வந்த வழக்கம் இது. தேவை வந்தால்தான் அடுத்த பொருளைச் செய்வது என்பது அதன் உயிர்நாடி. திட்டங்களைப் பிரிக்கவே முடியாத நிறுவனம் இந்தப் படியோடு நின்றுகொண்டாலும் நன்மை உண்டு.

மூன்றாம் படி, எட்டுப் பேருக்கும் சேர்த்து நாளுக்கு ஒரே ஒரு பதினைந்து நிமிடக் கூட்டம். திட்டத்துக்கு ஒன்று வேண்டாம். சுவரின் முன் நின்று, முடியும் தறுவாயில் உள்ள தாளிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும். “இதை இன்று முடிக்க யார் உதவலாம்?” என்பதே கேள்வி.

நான்காம் படியில்தான் முதல் அணி பிறக்கிறது. மிகவும் முக்கியமான ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, நான்கு பேரை அதற்கென்றே விட வேண்டும். அவர்களுக்கு ஒரே பட்டியல், பட்டியலுக்கு ஒரே பொறுப்பாளர், இரண்டு வாரத் தவணை. மீதி நான்கு பேர் மற்றத் திட்டங்களைப் பார்த்துக்கொள்வார்கள். பழைய வாடிக்கையாளர்களிடமிருந்து திடீரென்று வரும் பழுதுகளுக்கு, அணியில் ஒருவர் தவணைக்கு ஒருவராக முறைவைத்து நிற்கலாம். வீட்டுக்கு வரும் விருந்தாளியைக் கவனிக்க ஒருவர் வாசலில் இருந்தால், மற்றவர்கள் நிம்மதியாகச் சமைக்கலாம் அல்லவா?

ஐந்தாம் படி, மூன்று தவணை ஓடிய பிறகு நிறுத்திக் கணக்குப் பார்ப்பது. எத்தனை முடிந்தன, எவை திரும்பி வந்தன, பிள்ளைகள் நேரத்தோடு வீட்டுக்குப் போனார்களா என்று கேட்க வேண்டும். நன்மை தெரிந்தால் இரண்டாவது அணி. அப்போது, மனிதர்களைப் பிய்த்துத் திட்டங்களுக்கு அனுப்பும் பழக்கம் மாறி, நிலையான அணியிடம் திட்டங்களை வரிசையாகக் கொண்டுவரும் பழக்கம் வேரூன்றும். இந்த மாற்றம்தான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர்.

இரண்டு தடைகளைச் சொல்லாமல் விடக் கூடாது. ஒன்று, ‘அவருக்கு மட்டும்தான் தெரியும்’ என்ற தடை. தோட்டத் தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் ஒரே ஆளுக்குத்தான் பிடிபடும் என்றால், அவர் காய்ச்சலில் படுத்த அன்று வேலை நின்றுவிடும். கணினி நிறுவனத்திலும் பழைய திட்டத்தைத் தெரிந்தவர் ஒருவரே இருப்பார். எல்லோரும் அவரையே பங்கு கேட்பார்கள். அதற்கு மருந்து, அவரோடு இன்னொருவரை உட்கார வைத்துச் சேர்ந்து வேலை செய்யவிடுவதுதான். முதல் மாதம் வேலை மெதுவாக நடக்கும். பிறகு இரண்டு கை கிடைக்கும்.

மற்றொன்று, ‘எல்லாமே முதல்’ என்ற தடை. ஐந்து வாடிக்கையாளர்களும் அவசரம் என்கிறார்கள். யாருக்கும் இல்லை என்று சொல்ல முதலாளிக்கு மனம் வரவில்லை. ஒரே மாதத்தில் வீட்டில் மூன்று கலியாணம் வைத்தால் எந்தக் கலியாணமும் சிறக்காது என்பது நமக்குத் தெரியும். வரிசையைத் தீர்மானிக்கும் பாரத்தை முதலாளி ஏற்காவிட்டால், அந்தப் பாரம் நிரல் எழுதும் பிள்ளையின் தலையில் இறங்குகிறது. யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவர் வேலையை அவன் முதலில் செய்கிறான். மற்றவர்களிடம் ஏச்சு வாங்குகிறான். தொலைபேசியில் வரும் பெருமூச்சின் வேர் இதுதான்.

பெரிய நிறுவனங்களிலும் இப்படிப் படிப்படியான மாற்றம் நடந்திருக்கிறது. 1968-ல் தொடங்கப்பட்ட டிபிஎஸ் வங்கியை எடுத்துக்கொள்வோம். 1877-ல் அஞ்சலகச் சேமிப்பு வங்கியாகத் தோன்றிய பிஓஎஸ்பி-யை 1998-ல் தன்னோடு சேர்த்துக்கொண்ட வங்கி அது. அங்கே தொழில்நுட்பத் தலைவராக இருந்த டேவிட் கிளெட்ஹில் கூறிய கணக்கின்படி, 2009-ல் வங்கியின் தொழில்நுட்ப வேலையில் நூற்றுக்கு 85 பங்கு வெளி நிறுவனங்கள் கையில் இருந்தது. பல ஆண்டுகளில் அதை மெல்ல மெல்லத் தலைகீழாக்கி, பெரும்பகுதியைத் தங்கள் சொந்த ஊழியர்களே செய்யும்படி மாற்றினார்கள். பின்னர், 2018-ஐ ஒட்டிய ஆண்டுகளில், திட்டத்துக்குத் திட்டம் ஆள் சேர்த்துக் கலைக்கும் முறையை விட்டு, நிலைத்து நிற்கும் குழுக்களாக வங்கியின் வேலையை அமைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் வணிகப் பக்கத்திலிருந்து ஒருவரும் தொழில்நுட்பப் பக்கத்திலிருந்து ஒருவரும் சேர்ந்து தலைமை ஏற்றார்கள். வரிசையைத் தீர்மானிப்பவரும் வேலையை அறிந்தவரும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள் என்பது இதன் பொருள்.

அதே வங்கியிடமிருந்து எச்சரிக்கைப் பாடமும் உண்டு. 2023-ல் அதன் மின்னிலக்கச் சேவைகள் பலமுறை தடைப்பட்டன. மக்கள் பணம் எடுக்கவும் அனுப்பவும் முடியாமல் தவித்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் சிங்கப்பூர் நாணய ஆணையம், இன்றியமையாத மாற்றங்களைத் தவிர மற்றக் கணினி மாற்றங்களை ஆறு மாதம் நிறுத்திவைக்கும்படி அந்த வங்கிக்கு ஆணையிட்டது. அந்தக் காலத்தில் கிளைகளையும் பணம் எடுக்கும் இயந்திரங்களையும் குறைக்கக் கூடாது என்றும் சொன்னது. குழு முறையால்தான் தடை நேர்ந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரமில்லை. ஆனால் ஒன்று தெளிவு. விரைவாக முடிப்பது மட்டும் முடிப்பதாகாது. முடித்தது நிலைத்து நிற்கவும் வேண்டும். நல்ல ஸ்க்ரம் அணி, ‘முடிந்தது’ என்றால் என்ன பொருள் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளும். சோதித்துப் பார்க்காத வேலையை முடிந்த பத்தியில் ஒட்டாது.

சிறிதாகத் தொடங்கிச் சோதிப்பதற்கு வேறோர் எடுத்துக்காட்டும் சிங்கப்பூரில் உண்டு. லிட்டில் இந்தியாவின் குறுகிய தெருக்களில் காரை நிறுத்திவிட்டு, காகிதக் கூப்பனின் முனைகளைக் கிழித்துக் கண்ணாடியோரம் வைத்தது பலருக்கு நினைவிருக்கும். 2017 அக்டோபர் 1-ஆம் தேதி, கைத்தொலைபேசியிலேயே கட்டணம் செலுத்தும் ‘பார்க்கிங் எஸ்ஜி’ என்ற செயலியை அரசாங்கம் மக்களுக்குத் திறந்துவிட்டது. அதற்கு முன்னமே அரசு ஊழியர்களிடம் கொடுத்து ஓட்டிப் பார்த்திருந்தார்கள். கூப்பனில் அரைமணிக் கணக்கு. செயலியில் நிமிடக் கணக்கு. சீக்கிரம் புறப்பட்டால் மீதிக் காசு மிச்சம். முதலில் சிலரிடம் கொடுத்துப் பார்த்து, குறைகளைத் திருத்தி, பிறகு எல்லோருக்கும் கொடுப்பது என்ற நடையை இதில் காணலாம்.

வெளியிலிருந்து வந்த முறையைத் தன் மண்ணுக்கு ஏற்ப மெல்லப் பழக்கிக்கொள்வது சிங்கப்பூருக்குப் புதிதன்று. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானைப் பார்த்து உற்பத்தித் திறன் இயக்கத்தை நடத்தினார்கள். ‘டீமி’ என்ற தேனீயின் படம் 1982-ல் அதற்குச் சின்னமானது. அரசாங்க அலுவலகங்களில் சிறு சிறு குழுக்கள் கூடி, “நம் வேலையை எப்படிச் செம்மையாக்கலாம்?” என்று தாமே பேசத் தொடங்கின. வேலையைச் செய்கிறவனுக்கே அந்த வேலையின் குறை நன்றாகத் தெரியும் என்ற எண்ணம்தான் அன்றைய குழுக்களுக்கும் இன்றைய ஸ்க்ரமுக்கும் அடிப்படை. ஆண்டுக்கணக்கில் சொல்லிச் சொல்லித்தான் அது பரவியது. ஒரே நாளில் அன்று.

சரி, இதில் குடும்பத்தார் செய்யக்கூடியது என்ன?

சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளையிடம், “வேலை அதிகமா?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “ஒரே நேரத்தில் எத்தனை வேலை உன் கையில் இருக்கிறது? எது முதல் என்று சொல்ல ஆள் இருக்கிறாரா?” என்று கேட்டுப் பாருங்கள். வேலையின் பெயர் புரியாவிட்டாலும் வேலையின் சுமை உங்களுக்குப் புரிந்துவிடும். சோம்பேறித்தனத்தால் தாமதிக்கிறானா, சிதறடிக்கப்பட்டதால் தாமதிக்கிறானா என்பதும் விளங்கும். இரண்டாவதுதான் என்றால், அவனைக் கடிந்துகொள்ளாமல், “உன் மேலாளரிடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் காட்டி, எதை முதலில் முடிக்கட்டும் என்று கேள்” என்று சொல்லுங்கள். பணிவாகக் கேட்கும் அந்த ஒரு கேள்வி முதற்படியாகும்.

இனிமேல் வேலை தேடப் போகும் பிள்ளைகள், நேர்முகத் தேர்வில் சம்பளத்தைக் கேட்பதோடு, “இங்கே ஒருவர் எத்தனை திட்டங்களில் இருப்பார்? நிலையான அணி உண்டா?” என்றும் கேட்கலாம். அது அடக்கமின்மை ஆகாது. தொழில் அறிந்தவர் கேட்கும் கேள்விதான்.

வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், சுவரில் மூன்று பத்தி போட்டு, படிக்க வேண்டிய பாடங்களைத் தாளில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஐந்து பாடத்தையும் திறந்து வைத்துக்கொண்டு புரட்டுவதைவிட, ஒரு பாடத்தை முடித்துத் தாளை நகர்த்தும்போது பிள்ளையின் முகத்தில் ஒரு தெளிவு வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து, “எது நன்றாகப் போயிற்று, எதை மாற்றலாம்?” என்று அன்போடு கேளுங்கள். அங்கேயும் நாம் கங்காணி ஆகிவிடக் கூடாது. வழியில் கிடக்கும் முள்ளை எடுத்துப் போடுகிறவராக இருந்தால் போதும்.

உழைப்பதற்கு நம் மக்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. காட்டைத் திருத்தியும் பாதை போட்டும் பால் வெட்டியும் உழைத்த பரம்பரை இது. அந்த உழைப்பு மூன்று காடுகளுக்கிடையே நடந்து நடந்து வீணாகாமல், வாளி நிறையும்படி செய்வதற்கு ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கு மேலிருந்து அடித்துத் திணிப்பதாக இருக்கக் கூடாது. வேலை செய்கிறவர்கள் தாமே கூடிப் பேசி, ஒரு படி ஏறி, கால் ஊன்றி, அடுத்த படி ஏறுவதாக இருக்க வேண்டும்.